எலியும் மாமனாரும்

பாட்டு டீச்சர் மூன்றாவது முறையாக வந்தார். வண்டியை நிறுத்தி இறங்கினார். சாவியை நீட்டவில்லை.

“இன்னும் கத்துது.”

“எப்போ?”

“ஸ்டியரிங்கைத் திருப்பும்போது. பள்ளத்துல இறங்கும்போது. காலையில ரொம்ப.”

முதல் முறை முன்பக்க ஸ்டெபிலைசர் இணைப்புகளை மாற்றினேன். இரண்டாம் முறை சக்கரத்தைத் தாங்கும் கீழ் ஆர்ம். இரண்டு முறையும் ஓட்டிப் பார்த்துவிட்டு, சத்தம் போய்விட்டது என்றேன். சத்தம் எனக்குக் கேட்கவில்லை என்பது உண்மை. மாற்றுவதற்கு முன்பும் கேட்கவில்லை என்பதைத்தான் சொல்லவில்லை.

ஒர்க்‌ஷாப்பில் எனக்கு ‘காது’ என்று பெயர். கோளாறைக் கேட்டே கண்டுபிடிப்பவன். கடைசி ஓட்டம் என்னுடையது. படிவத்தின் கடைசிக் கட்டத்தில் நான் கையெழுத்துப் போட்டால்தான் வண்டி வெளியே போகும். பேச்சு கேட்கிறது. ஹாரன் கேட்கிறது. மெல்லிய, கூர்மையான சத்தங்கள்தான் ஒவ்வொன்றாக விட்டுப்போயின. முதலில் மைக்ரோவேவின் பீப். பிறகு வீட்டு அழைப்பு மணி. ஓனருக்குத் தெரிந்தால் அந்தக் கட்டம் என்னிடம் இருக்காது. ஒரு வருடமாக மறைத்து வந்தேன்.

என் மச்சினனைக் கூப்பிட்டேன். மனைவியின் தம்பி. இந்த வேலையில் இருவரும் ஒரே வாரத்தில் சேர்ந்தோம். டீச்சர் ஓட்ட, அவன் முன்னால் உட்கார்ந்தான். நான் பின்னால். மின்சார வண்டி. நகர்வதே தெரியவில்லை. வாசலிலேயே டீச்சர் ஸ்டியரிங்கைத் திருப்பினார்.

“எலி, அத்தான்” என்றான். “இடது பக்கம். மேல.”

நான் போன முறை மாமனார் என்று முடிவு கட்டியிருந்தேன்.

பெயர்கள் எங்களுடையவை. அப்போது ஒர்க்‌ஷாப் ஒரு தகரக் கொட்டகை. பெட்ரோல் வண்டிகள். ஒரு வண்டிக்குள் உட்கார்ந்தால் சந்தையில் நிற்பது போல இருக்கும். எஞ்சின், விசிறி, பெல்ட், சைலன்சர், எல்லாம் ஒரே நேரத்தில் பேசும். அதில் ஒரு குரலைப் பிரித்து எடுக்க வேண்டும். நீளமான ஸ்குரூ டிரைவரின் முனையை எஞ்சினில் வைத்து, பிடியைக் காதோடு ஒட்டிக் கேட்போம். யார் முதலில் சொல்வது என்று போட்டி. தளர்ந்த தகடு ‘பாத்திரம்’. காய்ந்த மூட்டு ‘எலி’. ரப்பர் புஷ் தேய்ந்து, பள்ளத்தில் இறங்கும்போது அடித்தொண்டையில் வரும் சத்தத்துக்கு நான்தான் ‘மாமனார்’ என்று வைத்தேன். கல்யாணமாகி ஒரு மாதம் ஆகியிருந்தது.

“எங்கப்பா அப்படியா கனைக்கிறாரு?” என்று கேட்டான்.

“நான் உள்ள வரும்போதெல்லாம்.”

அன்று சிரித்ததில் அவன் கிரீஸ் டப்பாவின் மேல் உட்கார்ந்துவிட்டான். மூடி போடாத டப்பா.

புதுக் கட்டடத்துக்கு மாறினோம். வெள்ளைத் தரை, படிவங்கள், கோளாறுக்கு எண்கள். பெயர்கள் நின்றுபோயின. போன வருடம் மச்சினன் திடீரென்று மறுபடி ஆரம்பித்தான். கூட ஏறி உட்கார்ந்து, “அத்தான், எலி. வலது பக்கம்” என்பான். பழைய நாள் ஞாபகம் வந்துவிட்டது போலும் என்று நினைத்தேன். எனக்குப் பிடித்திருந்தது.

டீச்சர் முன்பு வந்த இரண்டு நாளும் அவன் லீவு.

டீச்சரை முன்னறையில் உட்காரச் சொல்லிவிட்டு, இடது சக்கரத்தைக் கழற்றினேன். அவன் வண்டிக்குள் ஏறி ஸ்டியரிங்கைத் திருப்பினான். நான் மேல் ஆர்மின் பால் ஜாயிண்டில், அந்த உருண்டை மூட்டில், இரண்டு விரல்களை வைத்தேன். விரல் நுனியில் எறும்பு ஊர்வதுபோல் அதிர்ந்தது.

“வருது” என்றான் உள்ளிருந்து. “வருது. நின்னுடுச்சு. இப்போ வருது.”

வருதா என்று நான் கேட்கவில்லை. அவனாகவே சொல்லிக்கொண்டிருந்தான்.

விரலை எடுத்தேன். கதவருகே போய் நின்றேன்.

“எப்போலேருந்து தெரியும்?”

அவன் ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“போன மழைக்காலம். அந்த ஸ்கூல் வேன். பிரேக் கீச்சுனு கத்திட்டிருந்துச்சு. நீங்க கையெழுத்துப் போட்டுட்டீங்க. நீங்க சாப்பிடப் போனப்போ நான் கழட்டி மாத்தினேன்.”

“ஏன்டா சொல்லல?”

“நீங்க ஏன் சொல்லல?”

விரலில் ஒட்டியிருந்த துருவைத் துணியில் துடைத்தேன்.

“இப்படியே ஓட்டிடலாம் அத்தான். நான்தான் இருக்கேன்ல.”

“நீ லீவு போட்ட அன்னைக்கு?”

“இனிமே லீவே போட மாட்டேன்.”

“பிள்ளைங்க வேன்டா அது.”

அவன் இறங்கி வந்தான். அதற்குப் பிறகு வேலையைப் பற்றி மட்டும் பேசினோம். முன்கண்ணாடிக்குக் கீழே இருக்கும் பிளாஸ்டிக் மூடியின் இணைப்பில் விரிசல். மழைநீர் அதன் வழியாகச் சொட்டி, ஜாயிண்டின் ரப்பர் உறைக்குள் இறங்கியிருந்தது. கிரீஸ் கரைந்து, உருண்டை துருப்பிடித்திருந்தது. ஊசியால் கிரீஸ் ஏற்றினால் எலி ஒரு மாதம் வாயை மூடும். அதைச் செய்யவில்லை. புது ஆர்ம் மாட்டினோம். விரிசலைப் பசையால் அடைத்தோம். வண்டியின் எடை சக்கரத்தில் இறங்கிய பிறகுதான் புஷ் போல்ட்டை முறுக்கினான். தொங்கும்போது முறுக்கினால் ரப்பர் முறுகியபடியே நிற்கும், சீக்கிரம் கிழியும்.

மறுபடி மூவரும் ஏறினோம். ஒர்க்‌ஷாப்பைச் சுற்றி ஒரு வட்டம். பள்ளம், மேடு, திருப்பம். மச்சினன் எந்தப் பெயரும் சொல்லவில்லை.

“போயிடுச்சா?” டீச்சர் கண்ணாடியில் என்னைப் பார்த்துக் கேட்டார்.

“என்னைக் கேக்காதீங்க. அந்தச் சத்தம் எனக்குக் கேக்கறதே இல்ல. போன ரெண்டு தடவையும் கேக்காமலேதான் சொன்னேன்.”

வண்டியை ஓரமாக நிறுத்தினார்.

“ரெண்டு நாள் லீவு போட்டேன் உங்களுக்காக.”

“தப்புதான்.”

“பிள்ளைங்ககிட்ட நான் தினமும் சொல்றது ஒண்ணுதான். ஸ்ருதி கேக்கலன்னா கேக்கலன்னு சொல்லு, வாயை மட்டும் அசைக்காதே.”

எங்களை அப்படியே வைத்துக்கொண்டு இன்னொரு வட்டம் போனார். ஜன்னல்களை ஏற்றி, ஏசியை அணைத்து, பள்ளத்தில் வேண்டுமென்றே இரண்டு முறை இறக்கினார். காற்று இல்லாமல் வியர்த்தது.

“இப்போ இல்ல” என்றார். அது போதுமாயிருந்தது.

படிவத்தை மச்சினனிடம் நீட்டினேன். வாங்கவில்லை.

“ஓனர்கிட்ட என்ன சொல்வீங்க?”

“காது கேக்கலன்னு.”

“அப்புறம் உங்க பேரு?”

“எந்தப் பேரு?”

“காது.”

“நம்ம நெட்டை என்ன உயரம்?”

அவன் சிரிப்பை அடக்கப் பார்த்தான். ஒர்க்‌ஷாப்பில் எல்லாரும் நெட்டை என்று கூப்பிடுகிறவன் அவன் தோளுக்குக்கூட வரமாட்டான். பிறகு பேனாவை வாங்கி, பானெட்டின் மேல் படிவத்தை வைத்து, கடைசிக் கட்டத்தில் கையெழுத்துப் போட்டான். கட்டம் சிறியது. பெயரின் பாதி வெளியே போயிருந்தது.