கல் படிக்கு முன்னால் ஒரு வார்த்தை

மாடியில் மூத்தவள் குடும்பம், கீழே இளையவள் குடும்பம். அண்ணனையும் தம்பியையும் கட்டிக்கொண்டு ஒரே வீட்டுக்கு வந்த ஓரகத்திகள். துணி காயப்போட இருவருக்கும் ஒரே கொடிதான். அந்தக் கொடியைப் பார்த்தாலே மூத்தவளுக்கு வயிறு எரியும்.

ஒரு நாள் நீச்சல் உடை தொங்கும். மறுநாள் ஜூடோவுக்குப் போடும் கெட்டி வெள்ளைச் சட்டை. அதற்கும் மறுநாள் கால்பந்துக் காலுறை. எல்லாம் இளையவளின் மகள் சிட்டுவுடையவை. மூத்தவளின் மகனுக்கு எப்போதும் ஒரே உருப்படிதான், எத்தனை அலசினாலும் மலை மண் போகாத சைக்கிள் சட்டை. ஹெல்மெட்டுக்குள் வேர்க்கிறது என்று தலையை ஒட்ட வழித்துக்கொண்டவன். அதனால் ஊருக்கே அவன் மொட்டை.

பிள்ளைகள் இருவரும் ஒரே கிளப்பில் டவுன்ஹில் சைக்கிள் ஓட்டுகிறவர்கள். மலை உச்சியில் கிளம்பி, வேரும் பாறையும் வளைவும் தாண்டி, குறைந்த நேரத்தில் அடிவாரம் வந்து சேர்கிறவருக்குப் பரிசு. பையன், பெண் என்று அங்கே தனித்தனிப் பிரிவு கிடையாது. மொட்டை பள்ளிக்கூடம் விட்டால் நேரே மலைக்குத்தான் போவான். சிட்டு வாரத்தில் பாதி நாள் மலைப்பக்கம் தலைவைத்தும் படுக்கமாட்டாள். ஆனால் அந்தப் பருவம் முழுக்க மேடையேறியது சிட்டுதான்.

மூத்தவள் கண்ணாடிக் கடை நடத்துகிறவள். லென்ஸின் விளிம்பைத் தேய்க்கும்போதும் மனசு கொடியில்தான் தொங்கும். ஒரு நாள் பொறுக்கமாட்டாமல் கோச்சிடமே போய் நின்றாள்.

“எம் பையன் தினமும் உயிரைக் குடுத்து ஓட்டறான். அவ பந்து உதைக்கறா, தண்ணியில மெதக்கறா. கப்பு மட்டும் அவளுக்கா?”

“காரணமே அதான், அக்கா. ஒரே தடத்துல ஒரே மாதிரி ஓட்டினா உடம்பு அது ஒண்ணைத்தான் கத்துக்கும். நீச்சல்ல மூச்சு பழகும். ஜூடோல அடிபடாம விழப் பழகும். பந்து வெளயாண்டா கால் சட்டுனு திரும்பும். மொட்டையையும் ரெண்டு நாள் மலையை விட்டுட்டு வேற எதுக்காவது அனுப்புங்க.”

‘விட்டுட்டு’ என்ற சொல் அவள் காதில் ஏறவில்லை. ‘வேற எதுக்காவது’ மட்டும் கெட்டியாக ஏறிக்கொண்டது. விடியலில் நீச்சல், பிறகு பள்ளிக்கூடம், பிறகு மலை, மலையிலிருந்து நேராக ஜூடோ. சிட்டு செய்வதில் ஒன்றும் குறையக்கூடாது. போதாததற்குக் கயிறு தாண்டுவது வேறு.

“அம்மா, நான் எப்பதான் தூங்கறது?”

“ஜெயிச்சிட்டு எவ்வளவு வேணும்னாலும் தூங்கு.”

அவன் அதுவரை பொறுக்கவில்லை. சின்னப் பிள்ளைகள்கூட அலட்டிக்கொள்ளாமல் இறங்கும் வளைவில் கண் சொருகி, மரத்தில் மோதி, மணிக்கட்டை உடைத்துக்கொண்டான்.

கட்டுப் போட்டு வந்த அன்று இளையவள் மாடியேறி வந்தாள். தூங்கும் பையனின் கைக்குக் கீழே தலையணையைச் சரியாக நகர்த்தி வைத்தாள். பிறகு தாழ்ந்த குரலில் சொன்னாள்.

“அக்கா, உங்ககிட்ட மட்டும் சொல்றேன். போன வருஷம் தடத்தோட கடைசியில வர்ற அந்தக் கல் படியில சிட்டு விழுந்தா இல்ல, அதுக்கப்புறம் மலைன்னாலே அவளுக்குக் கை நடுங்கிச்சு. அதனாலதான் கோச் நீச்சல், ஜூடோன்னு கொஞ்ச கொஞ்சமா தேத்திக் கொண்டாந்தாரு. இப்பவும் அந்த எடம் வந்தா வெரல் பிரேக்குக்குப் போயிடுமாம். அவகிட்ட அதை ஞாபகப்படுத்தவே கூடாதுன்னு சொல்லியிருக்காரு. மொட்டை ஒரு பயமும் இல்லாம தினம் மேல போறதப் பாத்து நான் எத்தனை நாள் பொருமியிருக்கேன் தெரியுமா?”

மூத்தவள் அவள் கையைப் பிடித்துத் தட்டிக்கொடுத்தாள். உள்ளுக்குள் யாரோ விசிறி வீசியதுபோல் இருந்தது.

பருவத்தின் கடைசிப் பந்தயத்துக்கு மொட்டை கட்டுப்போட்ட கையோடு வந்து அடிவாரத்தில் நின்றுகொண்டான். மூத்தவள் வேனில் உச்சிக்குப் போனாள். கிளப் பிள்ளைகளின் பந்தயக் கண்ணாடிகளைத் துடைத்துக் கொடுப்பது எப்போதும் அவள் வேலை.

சிட்டு யாருடனோ சிரித்துக்கொண்டிருந்தாள். உடம்பு முழுக்க ஒரு துள்ளல். அந்தத் துள்ளலைப் பார்க்கப் பார்க்க, அடிவாரத்தில் கட்டுப்போட்ட கையோடு நிற்கும் தன் பிள்ளைதான் மூத்தவள் கண்ணில் நின்றான். கண்ணாடியை மாட்டிவிட்டாள். பட்டையை இழுத்துச் சரிசெய்தாள். குரலில் சர்க்கரை தடவிச் சொன்னாள்.

“கல் படிகிட்ட மட்டும் பாத்துப் போடா கண்ணு. போன வருஷம் மாதிரி ஆயிடப்போவுது.”

சிட்டுவின் சிரிப்பு அப்படியே நின்றது. அதற்குள் அவள் முறை வந்துவிட்டது.

ஒலிபெருக்கி மேலேயும் கேட்டது. முதல் பாதியில் சிட்டுதான் முன்னிலை. பிறகு, “கல் படி… பிரேக் போட்டுட்டாங்க… கால ஊணிட்டாங்க.” மூத்தவளுக்கு வயிறு குளிர்ந்தது. அந்தக் குளிர்ச்சி வேன் அடிவாரம் வந்து சேரும்வரைகூடத் தாங்கவில்லை. இறங்கியதும் மொட்டைதான் எதிரில் வந்தான், கண்ணெல்லாம் சிவந்து.

“சிட்டு அந்தப் படிய நல்லா தாண்டிட்டு இருந்தாம்மா! ரெண்டு வாரமா அவ பழகறப்ப நான் பக்கத்துல நின்னு பாத்தேன். ஒரு தடவகூட பிரேக்கத் தொடல.”

சிட்டு கோச்சிடம், “கண்ணாடி பனிச்சிடுச்சு சார்,” என்று சொல்லிக்கொண்டிருந்தாள். பெரியம்மாவின் பக்கம் திரும்பவே இல்லை.

“கண்ணாடி பனிக்கல,” என்றாள் மூத்தவள். அவள் குரல் அவளுக்கே வேறு யாருடையதோ போல் இருந்தது. “நான்தான் கல் படியைச் சொன்னேன். தெரிஞ்சேதான் சொன்னேன்.”

இளையவள் சத்தம் போடவில்லை. “உங்ககிட்டதானே சொன்னேன், அக்கா,” என்று மட்டும் சொல்லிவிட்டு மகளை அழைத்துக்கொண்டு போய்விட்டாள்.

பிறகு வெகுநாள் மாடிக்கும் கீழ்வீட்டுக்கும் பேச்சு அறுந்து கிடந்தது. மூத்தவளின் கணவன் தம்பி முகத்தைப் பார்க்கவே கூசினான். ஒரு மாலை, நீச்சல் குளத்து வாசலில் சிட்டுவுக்காகக் காத்திருந்து மூத்தவள் மன்னிப்புக் கேட்டாள். ஈரத் தலையைத் துவட்டியபடியே அந்தப் பெண் சொன்னாள்: “நீங்க சொல்லலேன்னாலும் நான் பிரேக் போட்டிருப்பேனோ என்னவோ. அது இனிமே எனக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. அதுக்குத்தான் பெரியம்மா கோவம்.”

கட்டைப் பிரித்ததும் மொட்டை தானாகவே இரண்டு நாள் மலையை விட்டான். கால்பந்து அவனுக்குப் பிடித்துப்போனது. விடுமுறை நாளில் நண்பகல்வரை தூங்கினான். மூத்தவள் எழுப்பவில்லை.

அடுத்த பருவத்தின் முதல் பந்தயத்தில் அவள் உச்சிக்குப் போகாமல் அடிவாரத்திலேயே இருந்தாள். மொட்டை இதுவரை ஓட்டாத வேகத்தில் வந்து சேர்ந்தான். அவனுக்கு அடுத்து வந்த சிட்டு கல் படியில் சைக்கிளோடு எழும்பி, காற்றில் நீண்டு, சத்தமில்லாமல் இறங்கி, அவனையும் முந்திய நேரத்தில் கோட்டைத் தாண்டினாள்.

மூத்தவளுக்கு அடிவயிற்றில் அதே எரிச்சல் குப்பென்று கிளம்பியது. கொஞ்சம்கூடக் குறையவில்லை. உதட்டை இறுக்கி மூடிக்கொண்டு, உள்ளங்கை வலிக்கும்வரை கைதட்டினாள். கொஞ்சம் தள்ளி நின்ற இளையவள் அதைப் பார்த்தாள். பார்த்துவிட்டு, தன் மகள் பக்கம் நடந்தாள்.