ஒரு கோட்டும் பதினொரு கழுத்துகளும்

அந்த ஸ்டுடியோக்காரரைத் தெருவில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. தாடை என்றால்தான் தெரியும். பாஸ்போர்ட் போட்டோவுக்கு யார் வந்து உட்கார்ந்தாலும், "தாடையைக் கொஞ்சம் இறக்குங்க. இல்ல, ஏத்துங்க. இல்ல, முதல்ல வச்ச மாதிரியே வைங்க" என்று பாடாய்ப் படுத்தி எடுப்பார். வந்தவர் மனசுக்குள் திட்டிக்கொண்டே எழுந்து போவார். ஆனால் படத்தைப் பார்த்ததும் வாயடைத்துப் போவார். அவ்வளவு அழகாக இருக்கும்.

அழகில் பாதி ஸ்டுடியோவின் கறுப்புக் கோட்டைச் சேர்ந்தது. கசங்கிய சட்டையோடு வருகிறவர்களை அப்படியே படம் எடுப்பது தாடைக்கு ஆகாது. ஆணியில் தொங்கும் கோட்டை எடுத்து மாட்டிவிடுவார். ஒல்லி, குண்டு, ஆண், பெண் எல்லோருக்கும் ஒரே கோட்டு. அதற்காகவே முதுகுத் தையலை மேலிருந்து கீழ்வரை பிரித்து வைத்திருந்தார். ஒல்லியானவருக்குப் பின்னால் நாலு கிளிப், குண்டானவருக்குக் கிளிப்பே இல்லை. முன்னால் பார்த்தால் மேலதிகாரி, பின்னால் பார்த்தால் கொடியில் காயும் துணி. காலர் மட்டும் எல்லோர் பிடரியிலும் ஒழுங்காக உட்காரும்.

அந்தக் கோட்டு ஏழு வருஷமாகத் தண்ணீரைக் கண்டதில்லை.

"ஒரு தடவையாவது துவைச்சுப் போடுங்களேன்" என்று கல்லாவில் உட்கார்ந்து படங்களை வெட்டிக்கொண்டே மனைவி சொல்லுவாள்.

"கம்பளிம்மா அது! தண்ணி பட்டா சுருங்கிடும். அப்புறம் பொம்மைக்குத்தான் போடணும்" என்பார் தாடை. திங்கள்கிழமை தோறும் அதன்மேல் இரண்டு தடவை சென்ட் அடிப்பார். அதோடு சுத்தம் முடிந்தது. காலையில் விளக்கு வெளிச்சம் சரியாக விழுகிறதா என்று பார்க்க, முதல் ஆளாக அவரே கோட்டை மாட்டிக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்து தன்னைத்தானே ஒரு படம் எடுத்துக்கொள்வார். அது அவருடைய தொழில் பக்தி.

அந்த பக்திக்குப் பலனாக அவருக்குப் பிடரியில் அரிப்பு வந்தது. முதலில் சின்னதாகச் சிவந்து ஒரு காசளவு. பிறகு ஓரம் தடித்து, நடுவில் வெளுத்து, கச்சிதமான வட்டம். தாடை முதலில் வீட்டுச் சோப்பைச் சந்தேகப்பட்டு மாற்றினார். பிறகு கத்தரிக்காயைச் சந்தேகப்பட்டு வீட்டுக்குள் வரக் கூடாது என்று தடை போட்டார். இரண்டும் குற்றமற்றவை என்று தெரிந்த பிறகும் மன்னிப்புக் கேட்கவில்லை. மருந்துக்கடைக்காரர் கொடுத்த ஒரு களிம்பைத் தடவினார். மூன்றே நாளில் அரிப்பு நின்றுவிட்டது. ஆகா என்று நிறுத்தினார். அடுத்த வாரமே வட்டம் தோள்வரை வந்து, பக்கத்தில் இரண்டு குட்டியும் போட்டிருந்தது.

"நீங்களா டாக்டர்கிட்ட போறீங்களா, இல்ல நான் கையைப் பிடிச்சு இழுத்துக்கிட்டுப் போகவா?" என்று மனைவி கேட்ட அன்றைக்குத்தான் அதே தெருவில் இருந்த தோல் டாக்டரம்மாவிடம் போனார்.

வெளியே பெஞ்சில் மூன்று பேர், டாக்டரம்மாவிடம் காட்டிவிட்டு மருந்துக்காகக் காத்திருந்தார்கள். டிரைவிங் ஸ்கூல் வாத்தியார், தலையில் மருந்துக்குக்கூட ஒரு முடி கிடையாது. பாங்கியில் பணம் கொடுக்கும் மேடம், இடுப்புவரை பின்னல். கடைசியாக ஒரு கூரியர்காரர், சும்மா உட்கார்ந்திருக்கும்போதே சண்டைக்கு வந்தவர் மாதிரி முறைப்பார். மூன்று பேருமே இவருடைய வாடிக்கையாளர்கள். மூன்று பேருமே பிடரியைச் சொறிந்துகொண்டிருந்தார்கள். தாடையும் உட்கார்ந்து சொறிந்தார். யாருக்கும் எதுவும் தோன்றவில்லை.

உள்ளே டாக்டரம்மா விளக்கைப் பிடித்துக் கழுத்தைப் பார்த்தார்.

"எவ்வளவு நாளா?"

"ரெண்டு மாசம் டாக்டர். ரத்தம் கெட்டுப்போச்சுன்னு நினைக்கிறேன். கத்தரிக்காயை நிறுத்திட்டேன்."

"ரத்தமும் கெடல, கத்தரிக்காயும் ஒண்ணும் பண்ணல. இது படர்தாமரை. ஒரு வகைப் பூஞ்சை, தோல்மேல வளரும். ஓரத்துல மும்முரமா வளர்ந்துக்கிட்டே போகும், நடுவுல ஆறும். அதான் வளையம் வளையமாத் தெரியுது. என்ன தடவினீங்க?"

தாடை பெருமையோடு பையிலிருந்து களிம்பை எடுத்து நீட்டினார். டாக்டரம்மா அதை வாங்கிப் பார்த்துவிட்டு, தலையில் அடித்துக்கொண்டார்.

"இதுல ஸ்டீராய்டு இருக்கு. தடவினா சிவப்பு அடங்கும், அரிப்பு அடங்கும். ஆனா தோலோட எதிர்ப்பும் சேர்ந்து அடங்கிடும். அப்புறம் பூஞ்சைக்குக் கேக்கணுமா? நீங்களே உட்கார வச்சு விருந்து போட்டிருக்கீங்க."

தாடைக்கு வெட்கமாகப் போயிற்று.

"நான் எழுதித் தர்றதை மட்டும் தடவுங்க. மறைஞ்சாலும் நிறுத்தாதீங்க, நான் சொல்ற நாள்வரைக்கும் போடணும். துணி, துண்டு எல்லாத்தையும் வெந்நீர்ல துவைச்சு வெயில்ல காய வைங்க. உங்க துணியை வேற யாராவது போட்டுக்கிறாங்களா?"

"இல்ல டாக்டர்" என்றார் தாடை. பொய் இல்லை. கோட்டு அவருடைய துணி அல்ல. அது ஸ்டுடியோவின் சொத்து.

"எனக்கு ஒண்ணு புரியல" என்றார் டாக்டரம்மா, எழுதிக்கொண்டே. "இந்த ஒரு மாசத்துல இதோட பதினொரு பேர். எல்லாருக்கும் ஒரே இடம். பிடரி, காலர் படுற இடம். எல்லாரும் இந்தச் சுத்துவட்டாரம்தான். எங்கேயோ ஒரே இடத்துல ஒட்டியிருக்கு."

அப்போதுதான் தாடைக்கு உறைத்தது. ஆணியில் தொங்கும் கோட்டு கண்முன் வந்து நின்றது. டிரைவிங் வாத்தியாருக்கு மூன்று கிளிப். பாங்கி மேடத்துக்கு நாலு. கூரியர்காரருக்கு ஒன்று. விஷயம் வெளியே தெரிந்தால் யார் அந்த ஸ்டுடியோ வாசலை மிதிப்பார்கள்? தெருவில் தலை காட்ட முடியுமா? பயத்தில் மனிதனின் வாய் மூளையைக் கேட்டுக்கொண்டு பேசுவதில்லை.

"முடி வெட்டற இடமா இருக்குமோ டாக்டர்?" என்று சொல்லிவிட்டார்.

சொன்ன மறுகணமே நாக்கைக் கடித்துக்கொண்டார். அந்தத் தெருவில் இருப்பது ஒரே ஒரு சலூன். அதை நடத்துகிறவர் இருபது வருஷமாக அவருடைய உயிர் நண்பர்.

"இருக்கலாம். எதுக்கும் நேர்ல பார்க்காம சொல்லக் கூடாது" என்றார் டாக்டரம்மா. ஆனால் கதவு ஒருக்களித்துத் திறந்திருந்தது. அதற்குப் பின்னால் கூரியர்காரரின் காது இருந்தது.

தாடை வெளியே வந்தபோது பெஞ்ச் காலி.

அவர்கள் சலூனுக்குள் நுழைந்துகொண்டிருந்தார்கள். தாடை பின்னாலேயே ஓடினார். தடுப்பதற்கா, வேடிக்கை பார்ப்பதற்கா என்று அவருக்கே தெரியவில்லை. உள்ளே நாற்காலியில் ஒருவர் பாதி முகம் மழித்து, பாதி நுரையோடு உட்கார்ந்திருந்தார். சலூன்காரர் கையில் கத்தி. அவருடைய கழுத்தைச் சுற்றி, புழுக்கமான அந்த வெயிலிலும், கனமான ஒரு துண்டு.

"யோவ், உன் கடையில என்ன வியாதியை விக்கிற?" என்று கூரியர்காரர் ஆரம்பித்தார். "என் கழுத்தைப் பாரு! இவர் கழுத்தைப் பாரு!"

"சார், ஆளுக்கு ஒரு பிளேடு சார். துண்டு ஒவ்வொண்ணும் கொதிக்க வச்சது" என்று சலூன்காரர் அலமாரியைத் திறந்தார். ஆவி பறக்கும் பாத்திரம், வரிசையாக மடித்த வெள்ளைத் துண்டுகள், பிரிக்காத பிளேடு உறைகள். அந்த இடத்தில் ஒரு அறுவை சிகிச்சையே செய்யலாம்.

"அப்போ இது எப்படி வந்துச்சாம்?"

"ஒரு நிமிஷம்" என்று பாங்கி மேடம் சங்கடத்தோடு கையைத் தூக்கினார். "நீங்கள்லாம் கிளம்பினதால நானும் வந்துட்டேன். ஆனா யோசிச்சுப் பார்த்தா, நான் இந்தக் கடைக்கு வந்ததே இல்ல."

டிரைவிங் வாத்தியார் தன் மண்டையைத் தடவிப் பார்த்துக்கொண்டார். "அட, நானும் ஒன்பது வருஷமா வர்றதில்லயே" என்றார், அப்போதுதான் நினைவு வந்தவராக.

கூட்டம் குழம்பியது. தாடைக்கு உயிர் திரும்பி வந்தது. நண்பனும் பிழைத்தான், நாமும் பிழைத்தோம் என்று மெல்லக் கம்பி நீட்டப் பார்த்தார். அந்த நேரத்தில் சலூன்காரர் கத்தியை மேஜைமேல் வைத்தார். கழுத்துத் துண்டை மெதுவாக அவிழ்த்தார்.

பிடரியில் வளையம். காது வரைக்கும் வந்திருந்தது.

"தப்பு என்கிட்டதான் சார் இருக்கணும்" என்றார். "ஒரு மாசமா எனக்கே இருக்கு. வெளியே சொல்லப் பயந்து துண்டைக் கட்டிக்கிட்டுத் திரிஞ்சேன். எவ்வளவு கொதிக்க வச்சும் எப்படி வந்துச்சுன்னு தெரியல. மேடத்துக்கு இங்கேருந்து யார் மூலமாவோ ஒட்டியிருக்கும். நாளைக்குக் கடையை மூடிடறேன். வேற ஏதாவது வேலை பார்த்துக்கறேன்."

"அட, மூடறது எல்லாம் எதுக்குய்யா" என்றார் கூரியர்காரர், திடீரென்று சுருதி இறங்கி.

"இல்ல சார். என் பொண்ணுக்கு எட்டு மாசம். அவளுக்கு ஒட்டிடுமோன்னு ஒரு மாசமா நான் அவளைத் தூக்கவே இல்ல. கைய நீட்டிக்கிட்டு அழுவா. நான் திரும்பி உட்கார்ந்துப்பேன். என் பிள்ளைக்கே ஆகாத கை உங்களுக்கு மட்டும் எப்படி ஆகும்?"

நாற்காலியில் இருந்தவரின் கன்னத்து நுரை சட்டையில் சொட்டியது. யாரும் துடைக்கவில்லை.

இரண்டு மாசத்துக்கு முன்னால் கடை லைசென்ஸ் புதுப்பிக்க இதே சலூன்காரர் போட்டோவுக்கு வந்தார். வேண்டாம் வேண்டாம் என்றவரை, "சும்மா போடுடா, மாப்பிள்ளை மாதிரி இருப்பே" என்று சொல்லித் தன் கையாலேயே கோட்டுக் காலரை இழுத்து விட்டது தாடைக்கு நினைவு வந்தது. அவருக்குத் தன்மேலேயே அருவருப்பாக இருந்தது.

"அவன் இல்ல" என்றார். சத்தம் வரவில்லை. இன்னொரு முறை உரக்கச் சொன்னார். "அவன் இல்லீங்க! என் கோட்டு!"

எல்லோரும் திரும்பினார்கள்.

"நீங்க எல்லாரும் போட்டுக்கிட்டது. நான் தினமும் போட்டுக்கிறது. ஏழு வருஷமாத் துவைக்கல. சென்ட் மட்டும் அடிச்சேன். டாக்டர்கிட்ட சலூனைச் சொன்னதும் நான்தான்."

மூன்று கைகள் ஒரே நேரத்தில் பிடரிக்குப் போயின.

"ஏழு வருஷமா?" என்றார் பாங்கி மேடம். அந்த இரண்டு சொற்களில் இருந்த அருவருப்பை எழுதிக் காட்ட முடியாது. கூரியர்காரர் சட்டைக் கையை மடித்துவிட்டார். டிரைவிங் வாத்தியார் அவருடைய தோளைப் பிடித்து நிறுத்தினார். அடிக்கட்டும் என்றே தாடை நின்றார்.

சலூன்காரர் மட்டும் கோபப்படவில்லை. அவர் கேட்டது ஒன்றே ஒன்று.

"டேய், டாக்டர்கிட்ட போனியே. இதோட பிள்ளையைத் தூக்கலாமா, கூடாதா? கேட்டியா?"

தாடை கேட்கவில்லை. அவர் கேட்டதெல்லாம் கத்தரிக்காயைப் பற்றித்தான்.

"இரு, வந்துடறேன்" என்று பிடித்தார் ஓட்டம். ஸ்டுடியோவைத் தாண்டும்போது வாசலில் மனைவி நின்றாள்.

"என்னங்க, என்ன ஆச்சு?"

"கோட்டை வெந்நீர்ல போடு!"

"சுருங்கிடும்னீங்களே?"

"சுருங்கித் தொலையட்டும்!"

டோக்கன் இல்லாமல், செருப்பையும் கழற்றாமல் டாக்டரம்மாவின் அறைக்குள் நுழைந்தார். உள்ளே ஒருவர் சட்டையைக் கழற்றிக்கொண்டிருந்தார். டாக்டரம்மா கத்த வாயைத் திறந்தார். அதற்குள் தாடை கேள்வியைக் கேட்டுவிட்டார். டாக்டரம்மா கத்தாமல் பதில் சொன்னார். தாடை அதை வரி பிசகாமல் உதட்டில் வைத்துக்கொண்டு திரும்ப ஓடினார்.

"தூக்கலாம்டா!" என்று சலூன் வாசலிலிருந்தே மூச்சு வாங்கக் கத்தினார். "முதல்ல அவங்ககிட்ட காட்டி மருந்தை ஆரம்பிக்கணும். மருந்து தடவி, அந்த இடத்தைத் துவைச்ச துணியால மூடிக்கிட்டு, கையைச் சோப்புப் போட்டுக் கழுவிட்டு, தாராளமாத் தூக்கலாம். பிள்ளை தோல்ல ஏதாவது தெரிஞ்சா மட்டும் உடனே கூட்டிட்டு வரணுமாம். இப்பவே வரச் சொன்னாங்க. நீதான் அடுத்த ஆள்."

சலூன்காரர் குழாயடிக்குப் போனார். முழங்கைவரை சோப்புப் போட்டு ஒரு தடவை கழுவினார், பிறகு இன்னொரு தடவை. அலமாரியிலிருந்து புதுத் துண்டை எடுத்துத் துடைத்துக்கொண்டு, மேலங்கியை ஆணியில் மாட்டி, கடையைத் திறந்தபடியே போட்டுவிட்டு டாக்டரம்மாவின் கிளினிக் பக்கம் நடந்தார். பாதி வழியில் நடை ஓட்டமாகிவிட்டது.

நாற்காலியில் இருந்தவர் கண்ணாடியில் தன்னைப் பார்த்தார். ஒரு கன்னம் பளபளவென்று, மறு கன்னம் காய்ந்த நுரையோடு இருந்தது.

"அவர் எப்போ வருவார்?" என்று தாடையைக் கேட்டார்.

"இன்னிக்கு வரமாட்டார் சார்" என்றார் தாடை, கண்ணைத் துடைத்துக்கொண்டு. "மருந்து வாங்கிக்கிட்டு வீட்டுக்குப் போவார். ஒரு மாசத்துக்குச் சேர்த்துத் தூக்கணும்."

அந்த மனிதர் தன் சொந்தக் கைக்குட்டையால் நுரையைத் துடைத்துக்கொண்டு, ஒரு பக்கத் தாடியோடு எழுந்து வீட்டுக்குப் போனார்.