சீட்டில் எழுதிய இரண்டு மாதம்

சட்டைக் கம்பெனியில் காலர் தைக்க அவளைப்போல் கை ஓடுகிறவர்கள் யாருமில்லை. அங்கேயே முகாம் வைத்துத் தடுப்பூசி போட்டபோது அவளும் வரிசையில் நின்று போட்டுக்கொண்டாள். மூன்றாவது வாரம் பாதம் மரத்தது. பிறகு முழங்கால்வரை ஏறியது. நாள் முழுக்க மிஷினை மிதித்தால் மரக்காமல் என்ன செய்யும் என்று லாரி ஓட்டும் கணவன் கேலி செய்தான்.

மரக்கத் தொடங்கிய பத்தாம் நாள் எழுந்து நிற்க முடியவில்லை. ஆஸ்பத்திரியில் நெரிசல். எத்தனை நாளாக என்று பணியிலிருந்த டாக்டர் தலை நிமிராமல் கேட்டார். பத்து நாள் என்றால் மாத்திரை கொடுத்து அனுப்பிவிடுவார்களோ என்று கணவன் பயந்தான்.

"ரெண்டு மாசமாவே இப்படித்தான் டாக்டர்" என்று முந்திக்கொண்டான்.

டாக்டர் அதையே எழுதி, உடனே படுக்கை கொடுத்தார். நீங்க கெட்டிக்காரர்தான் என்று கணவனைப் பார்த்து அவள் சிரித்தாள். மறுநாள் கை விழுந்தது, மூச்சும் திணறியது. பதினொரு நாள் செயற்கைச் சுவாசம்.

உடம்பின் எதிர்ப்புச் சக்தி தன் நரம்பையே தாக்கிவிட்டது, இந்த ஊசிக்குப் பிறகு லட்சத்தில் ஒருவருக்கு இப்படி வரும் என்று நரம்பு டாக்டர் ஒளிக்காமல் சொன்னார். அதற்கு நஷ்டஈடு உண்டு என்று சொன்னதும் அவர்தான். உயிர் தப்பியது. விரல்களும் கால்களும் மட்டும் பழைய நிலைக்குத் திரும்பவேயில்லை, புரண்டு படுக்கவும் ஆள் வேண்டும்.

விண்ணப்பம் போட்டு எட்டு மாதம் கழித்துப் பதில் வந்தது. ஊசி போட்டு ஒரு மாதமே ஆன நிலையில், ஆஸ்பத்திரிச் சீட்டில் நோய் இரண்டு மாதமாக இருப்பதாகப் பதிவாகியிருக்கிறது. ஆகவே நோய் ஊசிக்கு முந்தியது, கோரிக்கை தள்ளுபடி.

அவன் நஷ்டஈட்டு அலுவலகத்துக்கு ஓடி, நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னான். குமாஸ்தா அம்மா பொறுமையாகக் கேட்டாள்.

"அன்னைக்குப் பொய் சொன்னேன்னு இன்னைக்குச் சொல்றீங்க. இதுல எதைண்ணே நம்பச் சொல்றீங்க?"

மேல்முறையீடு செய்தான். ஆஸ்பத்திரியில் சேர்ந்த வாரம்வரை அவள் ஒருநாள்கூட லீவு போடவில்லை என்று கம்பெனி வருகைப் பதிவைக் காட்டினான். மரத்த காலோடும் வேலை செய்யலாமே என்று மேல்முறையீட்டுக் குழு கேட்டது. சீட்டு எழுதிய டாக்டருக்கு எதுவும் நினைவில்லை. தீர்ப்பு மாறவில்லை, இதற்குமேல் முறையீடு கிடையாது.

கோரிக்கை தள்ளுபடியானது தன் பொய்யால்தான் என்று அதுவரை மறைத்த காரணத்தை அன்று மதியம் அவளிடம் சொன்னான். திட்டட்டும் என்று காத்திருந்தான்.

"நானும் பக்கத்துலதானே இருந்தேன்" என்றாள் அவள். "ஒரு வார்த்தை இல்லைன்னு சொல்லியிருக்கலாம். சிரிச்சேன்ல."

சுவர்ப் பக்கம் திருப்பிவிடச் சொன்னாள். திருப்பி, போர்வையை இழுத்துவிட்டான். மகள் பள்ளியிலிருந்து வர இன்னும் இரண்டு மணி நேரம் இருந்தது.