தூக்குச்சட்டியில் போன கிழங்கு

ஜப்பான்காரன் சிங்கப்பூரைப் பிடித்த இரண்டாம் வருஷம் அரிசி கண்ணில் படுவதே அபூர்வம். ஆபீஸில் எழுத்துவேலை பார்க்கும் கிராணி அம்பிகைபாகன் அதைக் குறையாகவே நினைக்கவில்லை.

"தீட்டின அரிசியில ஒரு சத்தும் இல்லை, குணவதி. மரவள்ளியும் கீரையும்தான் பிள்ளையளுக்கு நல்லது. இயற்கையாச் சாப்பிடப் பழகுவம்."

குணவதி நம்பினாள். சிராங்கூன் வீட்டின் பின்னால் கிழங்கும் பசளிக் கீரையும் போட்டாள். சோறு கேட்டு அழுத பிள்ளைகளை, அப்பா சொன்னதையே சொல்லி அதட்டினாள். தன் பங்கில் பாதியை எடுத்துக் கணவனின் தூக்குச்சட்டியை நிரப்பினாள். சாயங்காலம் அது வழித்துத் துடைத்ததுபோல் திரும்பி வரும். பார்த்ததும் அவளுக்கே வயிறு நிறைந்துவிடும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அதே தூக்குச்சட்டியோடு தேக்கா சந்தையில் ஆட்டுப்பால் வாங்கப் போனாள். ஆட்டுக்காரி பொன்னாத்தா சட்டியை அடையாளம் கண்டுகொண்டாள்.

"கிராணியார் வீட்டம்மாவா? உங்க வீட்டுக்காரர் புண்ணியத்துல ஆடு நல்லாக் கறக்குதுக்கா. வேலைக்குப் போறப்போ தெனமும் கிழங்கைக் கொட்டிட்டுப் போறாரு. ஆபீஸ்ல அவருக்கு வெள்ளைச் சோறு போடுறாங்களாமே."

குணவதி பாலை வாங்கிக்கொண்டு நடந்தாள். சோறு தின்றதைக்கூட மன்னித்திருப்பாள். பசித்த பிள்ளைகளுக்குப் பாடம் நடத்திய வாயால் அல்லவா தின்றிருக்கிறார்.

மறுநாள் காலை அம்பிகைபாகன் தூக்குச்சட்டியைக் கையில் வாங்கினார்.

"இண்டைக்கு என்ன?"

"புல்லு," என்றாள் குணவதி. "ஆட்டுக்கு அது போதும். கிழங்கு என்ர பிள்ளையளுக்கு."