ஒன்பது மைலும் பதினான்கு மைலும்

குலசிங்கத்துக்கு நேராகக் கேட்க வராது. அதை அவருடைய குறை என்று மட்டும் சொல்லிவிட முடியாது. அவருடைய ஊரில் உதவி கேட்கப் போகிறவர் முதலில் தேத்தண்ணீர் குடிப்பார், மழையைப் பற்றிக் கதைப்பார், பிள்ளைகளின் படிப்பை விசாரிப்பார். எழும்பி வாசல் படலையடிக்கு வந்த பிறகுதான், "வேற ஒண்டுமில்லை, ஒரு சின்ன விசயம்" என்று தொடங்குவார். வந்ததும் வராததுமாகக் கேட்பவனை மரியாதை தெரியாதவன் என்று சொல்லிவிடுவார்கள்.

அவருக்கு இப்போது வேண்டியிருந்தது ஒரு கடிதம். தம்பி ஆனந்தராசா போன வருடம், 1983இல், நடந்த கலவரத்தில் வேலையும் இருப்பிடமும் போய், கொழும்பில் ஒரு அறைக்குள் ஒளிந்திருந்தான். 'இவருக்கு வேலை தருகிறோம்' என்று, குலசிங்கம் குடியேறியிருந்த ஆக்லாந்தில் ஒரு முதலாளி எழுதிக் கொடுத்தால் விசாவுக்கு வழி பிறக்கும். ஹென்டர்சனில் குலசிங்கம் காணிப் படம் வரைகிற நில அளவை அலுவலகத்தின் முதலாளி கொரிகன் நல்ல மனுசன்தான். அறுபது வயது அயர்லாந்துக்காரர்.

முதல் வெள்ளிக்கிழமை அவருடைய அறைக்குள் போன குலசிங்கம், தேத்தண்ணீரும் மழையும் இல்லாத இடத்தில் எங்கே தொடங்குவது என்று தெரியாமல் சுவரைப் பார்த்தார். அயர்லாந்தின் வரைபடம் தொங்கியது. அதில் கொரிகனின் ஊரை மையால் வட்டமிட்டிருந்தது.

"உங்கள் ஊரிலிருந்து அடுத்த பட்டினத்துக்கு நேரே ஒன்பது மைல்தானே. பிரதான சாலை ஏன் பதினான்கு மைல் சுற்றுகிறது?" என்று கேட்டார்.

கொரிகனின் முகம் மலர்ந்துவிட்டது. நடுவில் பெரிய சதுப்பு நிலம், வண்டி இறங்கினால் அச்சுவரை புதையும், அதனால் சாலை மேட்டைப் பிடித்துப் போகிறது என்று முக்கால் மணித்தியாலம் சொன்னார். ஐந்து மணி அடித்தது, அலுவலகம் மூடும் நேரம்.

ஹில்ஸ்பரோ வீட்டில் மனைவி வசந்தமலர் வாசலிலேயே நின்றாள். "கேட்டீங்களோ?"

"சதுப்பு நிலம் மட்டும் வந்திருக்கு."

அடுத்த வெள்ளிக்கிழமை கொரிகனின் கதைக்குள் ஒரு ஆறு வந்தது. ஆழம் குறைந்த துறை இரண்டு மைல் தள்ளி இருந்ததாம், பாலமும் பிறகு அங்கேயே வந்ததாம். அதைத் தாண்டினால் ஒரு பிரபுவின் தோட்ட மதில். அவர் தன் காணிக்குள் சாலையை விடவில்லை. இதைக் கேட்ட வசந்தமலருக்குப் பொறுமை போய்விட்டது.

"அங்க பொடியன் பயந்து செத்துக்கொண்டிருக்கிறான். நீங்கள் இஞ்ச இருந்து அயர்லாந்தில ரோட்டுப் போடுறீங்கள்."

மூன்றாவது வெள்ளிக்கிழமை கொரிகன் தானாகவே படத்தின் முன்னால் வந்து நின்றார். "உண்மையில் அந்த இரண்டு பட்டினங்களுக்கும் நடுவே யாரும் சாலை போடவில்லை. வீட்டிலிருந்து தேவாலயத்துக்கு ஒரு பாதை, அங்கிருந்து ஆலைக்கு ஒன்று, ஆலையிலிருந்து சந்தைக்கு ஒன்று. அவரவர் தேவைக்கு நடந்த துண்டுகள். பிறகு ஒருவன் வந்து சேர்த்துப் பிரதான சாலை என்று பெயர் வைத்தான். முழுத் தூரமும் போக வேண்டியவன் அந்தக் காலத்தில் ஒருவனும் இல்லை."

குலசிங்கம் எழும்பிக் கதவடிக்கு வந்தார். "வேறு ஒன்றுமில்லை, ஒரு சின்ன விசயம்."

"மூன்று கிழமையாக அதற்குத்தான் காத்திருக்கிறேன்," என்றார் கொரிகன். "எங்கள் பக்கத்திலும் மண்வெட்டி கேட்க வருகிறவன் காலநிலையில்தான் தொடங்குவான். அவன் வாய் திறக்குமுன் நாங்கள் கேட்டால் அவனுக்கு வெட்கம்." விசயத்தைக் கேட்டதும் தானே தட்டச்சு இயந்திரத்தில் உட்கார்ந்தார். பத்து நிமிடத்தில் கடிதம் முடிந்தது.

வீட்டில் அந்தக் கடிதத்தை நீட்டியபோது வசந்தமலர் வாங்கவில்லை. கொழும்பிலிருந்து ஆனந்தராசாவின் கூட்டாளி டெலிபோன் எடுத்திருந்தான்.

"புதன்கிழமை வெளிக்கிட்டிட்டானாம். காசுக்கு ஆள் அனுப்புற ஏஜன்சிக்காரனோட மொஸ்கோ போய், கிழக்கு பேர்லினில இறங்கி, அங்கால மேற்கு பேர்லினுக்கு மாறுறதாம். அண்ணையிட்ட இருந்து ஒண்டும் வரேல்லை எண்டு சொல்லிப்போட்டுப் போனவனாம்."

குலசிங்கம் சப்பாத்தைக் கழற்றாமல் கதிரையில் இருந்தார். பத்து நிமிட வேலை. அதற்கு மூன்று கிழமை. தன்மேல் வந்த கோபம் போதாமல் கொரிகன்மேலும் வந்தது. தெரிந்துகொண்டே காத்திருந்த மனுசன். ஆனால் அவர் செய்தது மரியாதை. தானும் செய்தது அதைத்தான் என்று நினைத்தபோது அழுகை வந்தது.

திங்கட்கிழமை காலை கொரிகன் மேல்கோட்டைக் கழற்றுமுன் குலசிங்கம் அறைக்குள் நின்றார். காலை வணக்கமும் சொல்லவில்லை.

"தம்பி போய்விட்டான். ஜெர்மனிக்குப் போகிறான், வழியில் எங்கே நிற்கிறான் என்று தெரியாது. எந்த நாட்டில் காட்டினாலும் செல்லும்படி எனக்கு இன்னொரு கடிதம் வேண்டும். இப்போதே வேண்டும்."

கொரிகன் கோட்டோடேயே உட்கார்ந்து இயந்திரத்தில் தாளைச் சுழற்றி ஏற்றினார். தேதியைத் தட்டிவிட்டு நிமிர்ந்தார்.

"எந்த முகவரிக்கு?"

குலசிங்கத்திடம் ஒரு முகவரியும் இருக்கவில்லை.

"தம்பியின் பெயரை மட்டும் அடியுங்கள்," என்றார்.