வெட்டிவேர் போட்ட தண்ணீர்

1

இந்தக் கதை எனக்குக் கிடைத்தது தில்லி ஐ.என்.ஏ. மார்க்கெட்டில், மளிகைக்கடை வரிசையில். முன்னால் நின்ற பெண்மணி இரண்டு கட்டு வெட்டிவேர் கேட்டாள். எதற்கு இரண்டு என்றார் கடைக்காரர். "தண்ணில ஒரு வாடை. ஆத்துக்காரருக்குத் தெரியப்படாது" என்றாள். அவ்வளவுதான் நான் கேட்டது. மீதியெல்லாம் என் கைச்சரக்கு. புளுகு என்று நீங்கள் சொன்னாலும் கோபித்துக்கொள்ள மாட்டேன்.

2

முதல் தொடக்கம்: 'பூமிக்கடியில் இருள் கசிந்துகொண்டிருந்தது. அந்த இருளுக்கு…'

வேண்டாம். கசிந்தது பெட்ரோல். கரோல் பாகில் ஒரு பெட்ரோல் பங்க்கின் அடியில், துருப்பிடித்த டேங்கிலிருந்து. ஏஷியாட் விளையாட்டுப் போட்டி தில்லியில் நடந்து முடிந்த அடுத்த கோடை.

இரண்டாவது தொடக்கம்: கல்யாணராமன் நிலத்தடி நீரை ஆராயும் மத்திய அரசு அலுவலகத்தில் அதிகாரி. அந்தப் பங்க்குக்குப் பின்சந்தில், மாடியில் குடியிருந்தார். பிப்ரவரியில் சந்தின் கைப்பம்புத் தண்ணீரை அவரே பரிசோதித்து, உப்பு சரி, நைட்ரேட் சரி என்று எல்லோரிடமும் சொல்லிவைத்தார். எண்ணெய் கலந்திருக்கிறதா என்று பார்க்கவில்லை. அவருக்கு அது தோன்றவேயில்லை. அன்றிலிருந்து வீட்டில் பம்புத் தண்ணீர்தான். குழாய்த் தண்ணீரின் குளோரின் வாடை காபியைக் கெடுக்கிறது என்பது அவர் கட்சி.

(காபிக்காக இவ்வளவா என்று ஒரு நண்பர் கேட்டார். கும்பகோணத்துக்காரர் என்றேன். அதற்குமேல் அவர் கேட்கவில்லை.)

3

மே மாதம் சந்துக்காரர்கள் அலுவலகத்தில் மனுக் கொடுத்தார்கள். பம்பில் பெட்ரோல் நாற்றம், ஒரு மாதமாக யாரும் அதைத் தொடுவதில்லை. கல்யாணராமன் சிரித்தார். தினமும் அதைக் குடிப்பவர் அவர்தானே. மேலதிகாரி போகச் சொன்னதால் போனார்.

பங்க்குக்கும் பம்புக்கும் நடுவே துளை போட்டு மண் எடுத்தார்கள். ஆறடியில் ஒன்றுமில்லை. பன்னிரண்டடி மண்ணை உள்ளங்கையில் வைத்து முகர்ந்தார். பெட்ரோல். ஓடிப்போய்ப் பம்பை அடித்தார். வாளித் தண்ணீரின்மேல் பளபளவென்று எண்ணெய்ப் படலம்.

அப்படியானால் வீட்டில் ஏன் வாடையில்லை? கோடை வழக்கப்படி பானையில் வெட்டிவேரும் பச்சைக் கர்ப்பூரமும் கிடந்தன. அவைதான் மறைத்துவிட்டன. வீட்டில் மனைவி ஜெயலட்சுமிக்கு ஐந்தாம் மாதம். கல்யாணமாகி ஒன்பது வருஷம் கழித்து.

4

[இங்கே ஒரு வாக்குமூலம். முதல் பிரதியில் நான் அவளை அந்தத் தண்ணீரைக் குடிக்கவைத்தேன். கதைக்குக் கனம் சேரும் என்ற பேராசை. 'ஆஸ்பத்திரி வராந்தாவில் அவர்' என்று ஆரம்பித்தேன், பேனா நகரவில்லை. கிழித்துப் போட்டேன். எனக்கு இளகிய மனசு என்று நினைக்க வேண்டாம். ஜெயலட்சுமி அவ்வளவு அசடு இல்லை என்பது உறைத்தது, அவ்வளவுதான்.]

5

மூச்சிரைக்க மாடியேறி வந்தவர், முதல் வேலையாகப் பானையைக் கவிழ்த்தார். சமையலறை முழுக்கத் தண்ணீர்.

"இதை எத்தனை நாளாக் குடிக்கிறே?"

ஜெயலட்சுமி அடுப்பை அணைத்தாள். "அது பம்புத் தண்ணியே இல்லே."

பங்குனியில் முதல் வாடை வந்த அன்றே பம்பை விட்டுவிட்டாளாம். மாடிக்குக் குழாய் இல்லாததால் கீழ்வீட்டு குர்பச்சன் கௌர், அவர் ஆபீஸ் கிளம்பியதும் தன் வீட்டுக் குழாயிலிருந்து இரண்டு குடம் கொண்டுவந்து வைத்துவிடுவாளாம். உன் புருஷன் படித்தவர், மூக்குதான் படிக்கவில்லை என்று இந்தியில் சொல்லிச் சிரிப்பாளாம். வெட்டிவேரை இரட்டிப்பாகப் போட்டது குளோரின் வாடையை அவரிடமிருந்து மறைக்க.

"ஏன் சொல்லலே?"

"டெஸ்ட் பண்ணியாச்சுன்னு சந்து பூராச் சொல்லிட்டேள். நானே போய் அது நன்னா இல்லேன்னு எப்படிச் சொல்றது?"

கல்யாணராமன் ஈரத்தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். போன உயிர் திரும்பி வந்தது. வெட்கமும் வந்தது, ஆனால் மெதுவாக, பின்னால். சந்திலேயே விஷயம் தெரியாதவர் அவர் ஒருவர்தான். உட்கார்ந்தபடியே சிரித்தார், கண்ணைத் துடைத்துக்கொண்டார். எழுதிக்கொண்டிருந்த எனக்கும் அப்போதுதான் மூச்சு சீராயிற்று.

6

டேங்கைக் காலி செய்து தோண்டியெடுத்தார்கள். பம்பின் கைப்பிடியைக் கழற்றிவிட்டார்கள். அறிக்கைப் படிவம் மட்டும் பாக்கி. அதில் ஒரு கட்டம்: மாசை முதலில் கண்டறிந்தவர்.

ஒரு முடிவில் தன் பெயரையும் பதவியையும் எழுதி அவர் நல்ல பேர் வாங்குகிறார். இன்னொன்றில் 'பொதுமக்கள்' என்று எழுதித் தப்பிக்கிறார். மூன்றாவதில் ஜெயலட்சுமியின் பெயர். அதை எழுதினால் மேலதிகாரி சும்மா விடமாட்டார். பங்குனியிலேயே உங்கள் வீட்டில் தெரிந்திருக்கிறது, அதற்குமுன் நல்ல தண்ணீர் என்று சொன்ன மகானுபாவர் யார் என்பார்.

பேனா மூடியைக் கழற்றிவிட்டு உட்கார்ந்திருக்கிறார். ஜெயலட்சுமி தம்ளரில் தண்ணீர் கொண்டுவந்து வைக்கிறாள். வெட்டிவேர் போடாத குழாய்த் தண்ணீர். முகம் சுளிக்காமல் முழுதும் குடிக்கிறார்.

அதுவரைதான் என் கை போனது. பேனா திறந்தே இருக்கிறது, எடுத்துக்கொள்ளுங்கள்.

மாசை முதலில் கண்டறிந்தவர்: ……………………