அவருடைய ‘லேசா’

“வலி எப்படி இருக்கு?” என்று கேட்டார் டாக்டர்.

“லேசா இருக்கு டாக்டர். எறும்பு கடிச்ச மாதிரி” என்றார் அவர், வயிற்றைப் பிடித்துக்கொண்டு.

டாக்டர் சின்னப் பெண். “வாய்வா இருக்கும். மாத்திரை தரேன், வீட்டுக்குப் போய் ஓய்வெடுங்க” என்று சீட்டை இழுத்தார்.

பக்கத்தில் இருந்த மனைவிக்குத் தூக்கிவாரிப்போட்டது. நாற்பத்தொரு வருஷமாக அந்த ‘லேசா’வோடு குடித்தனம் நடத்துகிறவள் ஆயிற்றே!

கல்யாணத்துக்கு முன்னால் இருவரும் டெலிபோன் ஆபீசில் குமாஸ்தாக்கள். பதவி உயர்வுப் பரீட்சையில் சொல்லுக்குச் சொல் பொருத்தும் கேள்விகள் பத்து வரும். மத்தியானத்தில், பழைய டைரக்டரிகள் அடுக்கிய அறையில், டிபன் டப்பாவை மூடியபடியே அவள் கேட்பாள்.

“தூறலுக்கு அடைமழை. முணுமுணுப்புக்கு?”

“பேச்சு.”

“கூச்சல்ங்க! தூறலுக்கு மேல மழை, அதுக்கும் மேல அடைமழை. ரெண்டு படி ஏறணும். சரி, வெதுவெதுப்புக்குக் கொதிப்பு. வருத்தத்துக்கு?”

“மனசு சரியில்ல.”

“இது இறங்குதே! துக்கம், துயரம்னு ஒண்ணுமே தெரியாதா உங்களுக்கு?”

“தெரியும். அவ்வளவு பெரிய வார்த்தையை வெளிய எடுத்தா, திரும்ப வைக்க இடம் வேணுமே.”

பரீட்சைக்கு முதல் நாள் அவள் குறும்பாகக் கேட்டாள்: “கோபத்துக்கு ஆத்திரம். பிடிக்கும்ங்கறதுக்கு?”

அவர் ஜன்னலைப் பார்த்தார். டைரக்டரிகளைப் பார்த்தார். காது மடல் சிவந்தது.

“ரொம்பப் பிடிக்கும்.”

வேறொருவன் உயிரையே கொடுப்பேன் என்றிருப்பான். இவருக்கு உச்சியே அதுதான் என்று அவளுக்கு அன்றைக்கே விளங்கிவிட்டது. பரீட்சையில் தேறி அவள் அவருக்கு மேலதிகாரி ஆனாள். அவர் அந்தப் பத்திலும் கோட்டைவிட்டார். கல்யாணத்துக்குப் பிறகும் வீட்டில்கூட அவளை “மேடம்” என்றே கூப்பிட்டுக் கேலி செய்தார்.

“டாக்டர், இவரு சொல்றதை அப்படியே எழுதாதீங்க” என்றாள் இப்போது. “கார் கதவுல விரல் எலும்பு உடைஞ்சப்போ ‘கொஞ்சம் பிடிச்சிடுச்சு’ன்னார். இவரோட அம்மா போனப்போ ‘வீடு கொஞ்சம் அமைதியா இருக்கு’ன்னார், நாலு நாள் பச்சைத்தண்ணி தொண்டையில இறங்கலை. இவரு லேசான்னா, மத்தவங்களுக்கு அது உயிர் போற வலி.”

“மேடம் எதையும் பெரிசு பண்ணுவாங்க” என்று முனகினார் அவர்.

டாக்டர் சிரித்தார். ஆனாலும் பேனாவை வைத்துவிட்டார். “படுங்க சார்.”

வலப்பக்க அடிவயிற்றை அழுத்திச் சட்டென்று விட்டார். அவர் வாயே திறக்கவில்லை. கால்விரல்கள் பத்தும் கொக்கிபோல மடங்கின. நெற்றியில் முத்துமுத்தாக வியர்த்தது.

டாக்டரின் சிரிப்பு நின்றது. உடனே ஸ்கேன் எடுத்தார்கள். குடல்வால் வீங்கி, வெடிக்கும் நிலையில் இருந்தது. ஆபரேஷனைத் தள்ளிப்போட முடியாது என்றார்கள்.

ஸ்ட்ரெச்சர் நகர, அவள் கூடவே நடந்தாள். “என்னங்க, ஒண்ணும் பேசாம வரீங்க?”

“பயமா இருக்கு” என்றார்.

முன்னால் ‘கொஞ்சம்’ என்ற சொல்லும் இல்லை, ‘லேசா’வும் இல்லை. வெறும் பயம். அவள் அவர் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

“லேசா பயமா இருக்குன்னு சொல்லுங்களேன்” என்றாள்.